ரிட்லிக்கு முன்னால் ஒருவர்: ரப்பர் விதை தேடிப்போன ஹென்றி விக்கம்



போன தவணைத் தேர்வுத் தாள்களைத் திருத்தும்போது ஒரே பதில் திரும்பத் திரும்ப வந்தது. "மலாயாவுக்கு ரப்பரைக் கொண்டுவந்தவர் யார்?" என்ற கேள்விக்குப் பாதிப் பேருக்கு மேல் "எச். என். ரிட்லி பிரேசிலுக்குச் சென்று விதைகளைக் கொண்டுவந்தார்" என்று எழுதியிருந்தார்கள். எழுத்துப்பிழை இல்லை. வாக்கியமும் அழகாக இருக்கிறது. விஷயம்தான் தப்பு. ரிட்லி சிங்கப்பூர் வந்து சேர்ந்தது 1888-இல். அதற்கு 11 ஆண்டுகளுக்கு முன்பே, 1877-இலேயே, ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் மண்ணில் நட்டாகிவிட்டன.

"அப்ப யாரு டீச்சர் கொண்டாந்தது?" என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி. பாடநூலில் அதற்கு ஒரு வரிதான் இருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் ஒரு மனிதனின் வாழ்க்கையே இருக்கிறது. நம் தாத்தா பாட்டிகளின் வாழ்க்கையும் அதோடு சேர்ந்துதான் கிடக்கிறது. குளுவாங் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு இது ஏதோ தூரத்து வெள்ளைக்காரன் கதை இல்லை.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ரப்பர்க் கொட்டையைத் தெரியாமல் இருக்காது. காய் முற்றி வெயிலில் காய்ந்ததும் 'படீர்' என்று வெடிக்கும். ஒரு காயில் மூன்று கொட்டை. பழுப்பு நிறத்தில், மேலே புள்ளியும் கோடுமாக, யாரோ தூரிகையால் தீற்றிவிட்ட மாதிரி பளபளப்பாக இருக்கும். அதைச் சிமெண்டுத் தரையில் பரபரவென்று தேய்த்து, பக்கத்தில் இருப்பவன் தொடையில் சூடு வைத்து அடி வாங்கியது இன்றைக்கு ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு மறந்திருக்காது. அந்தக் கொட்டையின் மூதாதையரைத் தேடிப்போனால் நாம் போய் நிற்கும் இடம், அமேசான் காட்டில் தபாஜோஸ் என்ற நதியின் கரை.

ஹென்றி விக்கம் 1846 மே 29-இல் லண்டனில் பிறந்தவர். தந்தை வழக்கறிஞர். பையனுக்கு நான்கு வயதாகும்போது காலரா அவரைக் கொண்டுபோய்விட்டது. அதுவரை வசதியாக இருந்த குடும்பம் சரிந்தது. தாய் ஹேரியட், லண்டன் நகரில் பெண்களுக்கான தொப்பிக் கடை வைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். அந்தக் காலத்தில் சீமாட்டிகளின் தொப்பிகளில் வெளிநாட்டுப் பறவைகளின் இறகு செருகுவதுதான் நாகரிகம். இருபது வயதில் விக்கம் வீட்டைவிட்டுக் கிளம்பினார். 1866-இல் அவர் போய் இறங்கியது மத்திய அமெரிக்காவின் நிக்கராகுவா. போன வேலை, அம்மா கடைக்கு இறகு சேகரிப்பது! பின்னாளில் உலகப் பொருளாதாரத்தையே புரட்டிப் போட்டவரின் முதல் பயணம் ஒரு தொப்பிக் கடைக்காக.

அவர் தாவரவியல் படித்தவர் அல்லர். இதை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். கல்லூரிப் படிப்பு இல்லை, அரசாங்க வேலை இல்லை. கையில் இருந்தது கொஞ்சம் ஓவியத் திறமையும் நிறைய பிடிவாதமும்தான். அடுத்த பயணத்தில் வெனிசுவேலாவின் ஒரினோக்கோ நதி வழியாகக் காட்டுக்குள் போய், தானே ரப்பர்ப் பால் எடுத்துப் பார்த்தார். மலேரியா வாட்டியது. அங்கிருந்து ரியோ நெக்ரோ நதி வழியாக அமேசானில் இறங்கி, பிரேசிலின் துறைமுக நகரமான பாரா வரை வந்து சேர்ந்தார். அந்த அனுபவத்தை 1872-இல் ஒரு நூலாக வெளியிட்டார். நூலில் ரப்பர் மரத்தின் இலையையும் விதையையும் அவரே வரைந்திருந்தார். அந்தப் படம்தான் லண்டனில் கியூ அரசத் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கரின் கண்ணில் பட்டது.

இங்கே கொஞ்சம் நின்று, அன்றைய பிரிட்டிஷ் அரசாங்கம் ஏன் செடி விஷயத்தில் இவ்வளவு அக்கறை காட்டியது என்று பார்க்க வேண்டும். தேர்வில் 'காரணங்கள்' கேட்டால் இதைத்தான் எழுத வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் ஒரு செடியை ஒரு கண்டத்திலிருந்து எடுத்து இன்னொரு கண்டத்தில் நடுவது வெறும் தோட்டக்கலை இல்லை, அது வணிகப் போர். இதற்கு முன்மாதிரி நம் தமிழ்நாட்டிலேயே நடந்தது. மலேரியாவுக்கு மருந்தான கொய்னா, சின்கோனா மரத்தின் பட்டையிலிருந்து கிடைப்பது. அந்த மரம் தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்குச் சொந்தம். கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற ஆங்கிலேய அதிகாரி பெருவுக்குப் போய்க் கன்றுகளைச் சேகரித்து, 1860-இல் ஊட்டிக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். நீலகிரியில் சின்கோனாத் தோட்டம் எழும்பியது இப்படித்தான். அதே மார்க்கம்தான் லண்டனில் இந்தியா அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, "சின்கோனாவுக்குச் செய்ததை ரப்பருக்கும் செய்வோம்" என்று திட்டம் போட்டார். தந்திக் கம்பிக்கு உறை, இயந்திரங்களுக்கு வார்ப்பட்டை, குழாய், மழைக்கோட்டு என்று எல்லாவற்றுக்கும் ரப்பர் தேவைப்பட்ட காலம் அது. நல்ல ரப்பர் கிடைத்த ஒரே இடம் அமேசான்.

முதல் முயற்சி 1873-இல் நடந்தது. ஃபாரிஸ் என்பவர் 2,000 விதைகளைக் கொண்டுவந்தார். கியூவில் விதைத்ததில் முளைத்தது 12. அதில் ஆறு கன்றுகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அவையும் செத்துப்போயின.

காரணம் எளிது. ரப்பர் விதையில் எண்ணெய் அதிகம். சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தியை இழந்துவிடும், அல்லது ஊசிப்போகும். நெல் விதை மாதிரி அடுத்த போகம் வரைக்கும் குதிரில் போட்டு வைக்க முடியாது. நதிப் படகு, கடல் கப்பல், அப்புறம் ரயில் என்று காட்டிலிருந்து லண்டன் போய்ச் சேருவதற்குள் விதை செத்துவிடும்.

விக்கம் இதற்குள் குடும்பத்தோடு பிரேசிலிலேயே குடியேறியிருந்தார். 1871-இல் வயலெட் என்ற பெண்ணை மணந்த கையோடு, அம்மா, தங்கை, தம்பி எல்லோரையும் கூட்டிக்கொண்டு தபாஜோஸ் நதி அமேசானில் கலக்கும் சாந்தரெம் என்ற ஊருக்குப் போனார். தோட்டம் போட்டு முன்னேறலாம் என்று கனவு. கனவு பலிக்கவில்லை. காட்டுச் சூழலும் நோயும் அந்தக் குடும்பத்தை ஒவ்வொருவராகத் தின்றன. தாய் அந்த மண்ணிலேயே அடக்கமானார். தங்கையும் அங்கேயே இறந்தார். மகனை நம்பிக் கடல் கடந்து வந்த தாய் அந்நிய மண்ணில் புதைக்கப்படுவது நமக்குத் தெரியாத கதையா என்ன? நம் தோட்டத்துச் சுடுகாடுகளில் இந்தக் கதை எத்தனையோ இருக்கிறது.

கடைசியில் ஹூக்கரும் மார்க்கமும் ஒரு விலை பேசினார்கள். 1,000 விதைக்கு 10 பவுண்டு. எத்தனை கொண்டுவந்தாலும் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். விக்கமின் கணக்குச் சரியாக இருந்தது. கொஞ்சமாகக் கொண்டுபோனால் ஒன்றும் தேறாது. மலை மாதிரி கொண்டுபோனால் அதில் கொஞ்சமாவது முளைக்கும்.

1876-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்கள். ரப்பர்க் காய் வெடிக்கும் பருவம். தபாஜோஸ் நதியின் மேற்குக் கரையில் போயிம் என்ற சிற்றூரைச் சுற்றிய காடுகளில் விக்கம் விதை பொறுக்கினார். 'விக்கம் பொறுக்கினார்' என்று எழுதிவிடுகிறோம், உண்மையில் பொறுக்கியது அந்தக் காட்டையே வீடாகக் கொண்ட உள்ளூர் மக்கள். எந்த மரம் நன்றாகப் பால் கொடுக்கும், எந்தப் பருவத்தில் காய் வெடிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பெண்கள் பிரம்பைக் கீறிக் கூடை பின்னினார்கள். விதைகளை நிழலில் பரப்பிக் காயவைத்து, வாழையிலைச் சருகை இடையில் அடுக்கி, கூடை கூடையாகக் கட்டினார்கள். மொத்தம் சுமார் 70,000 விதைகள். கூடை பின்னியவர்களின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி விக்கம் சொல்லும் கதை ஒரு சினிமாப் படத்துக்குச் சமம். 'அமேசோனாஸ்' என்ற புத்தம்புது நீராவிக் கப்பல் ஆற்றில் வந்து நின்றதாம். சரக்கை இறக்கி விற்ற முகவர்கள் கப்பல் தலைவனை ஏமாற்றிவிட்டு ஓடிவிட்டார்களாம். திரும்பிப்போகச் சரக்கில்லாமல் கப்பல் காலியாக நிற்க, கையில் காசில்லாத விக்கம் துணிந்து இந்திய அரசாங்கத்தின் பெயரால் முழுக் கப்பலையும் வாடகைக்குப் பேசினாராம். பாரா துறைமுகத்தில் சுங்க அதிகாரிகளிடம், விக்டோரியா மகாராணியின் அரசப் பூங்காவுக்குப் போகும் மிக மென்மையான தாவர மாதிரிகள் இவை என்று சொல்லித் தப்பித்தாராம்.

நான் ஏன் 'ஆம், ஆம்' போட்டு எழுதுகிறேன் என்று ஆசிரியர்களுக்குப் புரிந்திருக்கும். இந்தக் கதைக்கு ஒரே சாட்சி விக்கம்தான். அதையும் அவர் விரிவாக எழுதியது 1908-இல் வெளியான நூலில், அதாவது சம்பவம் நடந்து 32 ஆண்டுகள் கழித்து. அப்போது ரப்பர் உலகப் பணப்பயிர் ஆகிவிட்டது. தான் ஒரு வீரன் என்று காட்டிக்கொள்ள அவருக்குக் காரணம் இருந்தது. வாரன் டீன் என்ற வரலாற்றாளர் 1987-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் இந்தக் கதையைப் பதிவேடுகளோடு வைத்துப் பார்த்து, விக்கம் நிறைய இடத்தில் உப்பு மிளகு சேர்த்திருக்கிறார் என்று காட்டினார். முக்கியமான விஷயம், ரப்பர் விதையை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் அன்றைக்குப் பிரேசிலில் இல்லை.

ஆனால் பிரேசில்காரர்கள் இன்றைக்கும் அவரைத் திருடன் என்றுதான் சொல்வார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. வகுப்பில் இதை ஒரு விவாதமாக வைத்தேன். "சட்டம் இல்லன்னா திருட்டு இல்லதானே டீச்சர்?" என்றான் ஒருவன். "அப்புறம் ஏன் அதிகாரிகிட்ட என்ன விதைன்னு சொல்லாம மறைச்சாரு?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். மறைத்தார் என்பதற்கும் அவர் சொன்ன கதைதானே ஆதாரம், என்று நான் கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. மூலச் சான்று, துணைச் சான்று என்று அரை மணி நேரம் விளக்குவதைவிட இந்த ஒரு கேள்வி நன்றாக வேலை செய்தது. நீங்களும் முயன்று பாருங்கள்.

கப்பல் 1876 ஜூன் மாதம் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தை அடைந்தது. விதைகள் ரயிலேறிக் கியூவுக்குப் போயின. ஹூக்கர் கண்ணாடி வீடுகளில் இருந்த மற்ற செடிகளை அவசர அவசரமாக அப்புறப்படுத்தி இடம் பண்ணினார். விதைத்த சில நாட்களிலேயே முளை எட்டிப்பார்த்தது. மொத்தம் முளைத்தவை ஏறக்குறைய 2,700. எழுபதாயிரத்தில் இது 4 விழுக்காடுகூட இல்லை. ஆனால் அது போதுமானதாக இருந்தது.

அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே சுமார் 1,900 கன்றுகள் இலங்கைக்குக் கப்பலேறின. எப்படி ஏற்றினார்கள் தெரியுமா? 'வார்டு பெட்டி' என்ற கண்ணாடிப் பெட்டியில். லண்டன் மருத்துவர் நத்தானியேல் வார்டு தற்செயலாகக் கண்டுபிடித்தது இது. மூடிய கண்ணாடிக்குள் செடி வெளியிடும் ஈரம் கண்ணாடியில் படிந்து, மறுபடி மண்ணுக்கே சொட்டும். மாதக்கணக்கில் தண்ணீர் ஊற்றாமல், உப்புக் காற்றுப் படாமல் செடி உயிரோடு இருக்கும். இந்தச் சாதாரணப் பெட்டி இல்லாவிட்டால் பேரரசுகளின் தோட்டப் பொருளாதாரமே எழும்பியிருக்காது என்பது என் கருத்து. அறிவியல் ஆசிரியர்கள் ஒரு கண்ணாடிச் சாடியில் செய்துகாட்டலாம். நீர்ச்சுழற்சிப் பாடத்துக்கும் ஆகும்.

இலங்கையில் கன்றுகள் கொழும்புக்கு அருகே ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. அடுத்த ஆண்டு, 1877-இல், 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. அவற்றில் 9 பேராக்கின் கோலகங்சாருக்குப் போயின. அங்கே பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, தன் மாளிகைத் தோட்டத்தில் அவற்றை வளர்த்தார். அந்தக் காலத்து மரம் ஒன்று கோலகங்சாரில் இன்றும் நிற்கிறது. சுற்றுலா போகும் பள்ளிகள் அரண்மனையைப் பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிடாமல், பத்து நிமிடம் ஒதுக்கி அந்த மரத்தையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

சரி, விக்கமுக்கு என்ன கிடைத்தது? ஒப்பந்தப்படி 70,000 விதைக்கு 700 பவுண்டு, அதற்கு மேல் ஒரு சொற்பத் தொகை. அவர் ஆசைப்பட்டது பணத்தை அல்ல. கன்றுகளோடு தானும் கீழ்த்திசைக்குப் போய், அவற்றை வளர்க்கும் பொறுப்பைத் தர வேண்டும் என்று கேட்டார். படிக்காத நாடோடிக்கு அந்த வேலையா என்று நினைத்தார்களோ என்னவோ, தரவில்லை. ஹூக்கருக்கு அவர்மேல் பெரிய மதிப்பும் இருக்கவில்லை. கன்றுகள் ஒரு பக்கம் கப்பலேற, விக்கம் மனைவியோடு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்துக்குப் போய்ப் புகையிலை பயிரிட்டார். தோல்வி. அப்புறம் மத்திய அமெரிக்காவில் பிரிட்டிஷ் ஹோண்டுராஸ். அங்கும் நிலைக்கவில்லை. பிறகு பாப்புவா நியூகினிக்குப் பக்கத்தில் ஆளில்லாத தீவுக்கூட்டத்தில் தென்னையும் கடற்பஞ்சும் முத்துச்சிப்பியும் வைத்துப் பிழைக்கப் பார்த்தார். கால் நூற்றாண்டுக்கும் மேல் கூடவே அலைந்த வயலெட், அந்தத் தீவு வாழ்க்கையைத் தாங்க முடியாமல் 1890-களின் இறுதியில் அவரைவிட்டுப் போய்விட்டார். வரலாற்று நூல்களில் அவருக்குக் கிடைத்த இடம் அரைப் பக்கம்கூட இருக்காது. எனக்கென்னவோ இந்தக் கதையில் அதிகம் இழந்தவர் அவர்தான் என்று படுகிறது.

விக்கம் தீவில் தேங்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில்தான் ரிட்லி கதைக்குள் வருகிறார். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர். இவர் முறையாகப் படித்த தாவரவியலாளர், தானும் தீபகற்பம் முழுக்கக் காடேறிச் செடி சேகரித்தவர். பின்னாளில் மலாயாவின் தாவரங்களைப் பற்றி ஐந்து தொகுதிகள் எழுதினார். அவர் வரும்போது ரப்பர் மரங்கள் பூங்காவில் வளர்ந்து நின்றன, ஆனால் அவற்றை வைத்து என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. பிரேசிலில் சிறு கோடரியால் மரத்தைக் கொத்திப் பால் எடுப்பார்கள். மரம் காயப்பட்டு, முடிச்சு முடிச்சாகி, கொஞ்ச நாளில் பால் வற்றும். ரிட்லி பட்டையை மட்டும் மெல்லியதாக, சாய்வாக, மீன் முள் வடிவத்தில் சீவும் முறையை உருவாக்கினார். பட்டைக்கு அடியில் இருக்கும் வளர்படலத்தைத் தொடாமல் சீவினால் பட்டை மறுபடி வளரும். அதே மரத்தை ஆண்டுக்கணக்கில் வெட்டலாம். விடியற்காலையில் மரத்துக்குள் நீரழுத்தம் அதிகமாக இருப்பதால் பால் நன்றாக இறங்கும் என்பதும் தெரிந்தது. நம் பாட்டிமார் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓடியதற்கும், ஆறு மணிக்கெல்லாம் நிரையில் நின்றதற்கும் காரணம் இந்த அறிவியல்தான். "மரத்துக்கு நல்லது, மனுசனுக்குக் கெட்டது" என்பார் என் பாட்டி.

ரிட்லி போகிற இடமெல்லாம் பை நிறைய விதையோடு போய்த் தோட்டக்காரர்களை நச்சரித்தார். 'பைத்தியக்கார ரிட்லி' என்று பெயர் வைத்தார்கள். யாரும் காதில் வாங்கவில்லை, காப்பி நல்ல விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. 1890-களின் பிற்பகுதியில் பிரேசில் அளவுக்கு மீறிக் காப்பி விளைவித்து உலகச் சந்தையில் கொட்டியது. விலை விழுந்தது. மலாயாவின் காப்பித் தோட்டங்கள் நொடித்தன. அப்போதுதான் ரிட்லியின் பையில் இருந்த விதை ஞாபகத்துக்கு வந்தது. வேடிக்கையைப் பாருங்கள், பிரேசிலின் காப்பிதான் பிரேசிலின் ரப்பரை மலாயாவில் நட வைத்தது. (குளுவாங் ரயில் நிலையத்தில் காப்பி குடிக்கும்போது யோசிக்க நல்ல விஷயம்.) 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சே யான் என்ற சீன வணிகர் 40 ஏக்கருக்கு மேல் ரப்பர் நட்டார். சிலாங்கூரில் காஜாங் பக்கம் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

ஆகவே மாணவர்களே, தேர்வில் எழுதும்போது இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: பிரேசிலிலிருந்து விதையை எடுத்தவர் விக்கம், 1876. மலாயா மண்ணில் முதலில் வளர்த்தவர்களில் ஒருவர் ஹியூ லோ, 1877. பால் வெட்டும் முறையைக் கண்டு, நடச்சொல்லிப் பரப்பியவர் ரிட்லி, 1888-க்குப் பிறகு. மூவரையும் ஒருவராக்கிவிட்டால் மதிப்பெண் போகும்.

கார் வந்தது, டயர் வந்தது, ரப்பர் விலை ஏறியது. 1910-இல் லண்டன் சந்தையில் ஒரு ராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்கைத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் ஜொகூரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ரயில் பாதை முடிந்திருந்தது. பாதையோரமாக ஜொகூரின் நடுக்காடு சரசரவென்று தோட்டமாயிற்று. வெளவால் பெயரைக் கொண்ட நம் குளுவாங்கும் அப்படி எழுந்த ஊர்தான். மரம் வந்துவிட்டது, வெட்ட ஆள் வேண்டாமா? ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் ஒழிக்கப்பட்டபோது கங்காணி முறை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1907-இல் அமைந்த குடியேற்ற நிதி கப்பல் செலவைக் கட்டியது. சேலம், திருச்சி, தஞ்சாவூர், வட ஆற்காடு என்று கிராமம் கிராமமாகக் கங்காணி போய் ஆள் பிடித்தார். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது மலாயாவில் இந்தியர்கள் 6 லட்சத்துக்கும் மேல். பெரும்பான்மையோர் தமிழர்கள். போயிம் காட்டில் ஒரு பெண் பின்னிய கூடையிலிருந்து எங்கள் தோட்டத்து லயம் வரைக்கும் கோடு போட்டால் இடையில் ஐம்பது ஆண்டுகூட இல்லை.

அமேசானில் என்ன ஆயிற்று? 1914 வாக்கில் ஆசியத் தோட்டங்களின் ரப்பர் காட்டு ரப்பரை முந்திவிட்டது. காட்டுக்கு நடுவே நாடக அரங்கம் கட்டி வாழ்ந்த மனாவுஸ் நகரம் வெறிச்சோடியது. அமெரிக்கக் கார் முதலாளி ஹென்றி ஃபோர்டு 1920-களின் இறுதியில் அதே தபாஜோஸ் நதிக்கரையில் பெரிய ரப்பர்த் தோட்டம் போட்டுப் பார்த்தார். கோடிக்கணக்கில் கொட்டியும் தேறவில்லை. தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் என்ற பூஞ்சை, நெருக்கமாக நட்ட மரங்களைத் தின்றது. காட்டில் ஒரு மரம் இங்கே, ஒரு மரம் அங்கே என்று இருந்ததால் பரவாத நோய், நிரை நிரையாக நட்டதும் தீயாகப் பரவியது. 1945-இல் ஃபோர்டு நிறுவனம் அதைப் பிரேசில் அரசிடமே விற்றுவிட்டுப் போனது. விக்கம் விதையைத்தான் கொண்டுவந்தார், நோய் கூட வரவில்லை. நம் நாட்டில் ரப்பர் பிழைத்ததற்கு அது பெரிய காரணம். ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. ஆசியாவின் கோடிக்கணக்கான மரங்கள் பெரும்பாலும் அந்தச் சில கூடை விதையின் வாரிசுகள். எல்லாம் ஒரே குடும்பம். நோய் ஒருமுறை உள்ளே நுழைந்தால் ஒன்றுக்கு வருவது எல்லாவற்றுக்கும் வரும். தென்னமெரிக்காவிலிருந்து வரும் செடி, மண், விதை விஷயத்தில் மலேசியா இவ்வளவு கண்டிப்பாக இருப்பது இதனால்தான்.

விக்கமுக்குக் கடைசிக் காலத்தில் கொஞ்சம் மரியாதை கிடைத்தது. 1911-இல் தோட்டக்காரர்கள் பணம் சேர்த்து, ஆண்டுத்தொகையும் ஏற்பாடு செய்தார்கள். 1920-இல் 'சர்' பட்டம். 1928 செப்டம்பர் 27-இல், 82 வயதில் லண்டனில் இறந்தார். ரிட்லியோ நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து, 1956 அக்டோபரில் கண்ணை மூடினார். இன்னும் பத்து மாதம் இருந்திருந்தால் மெர்டேக்காவைக் கேட்டிருப்பார்.

இந்த இடத்தில் முடித்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் குளுவாங்காரர்கள் இதையும் தெரிந்துகொள்ள வேண்டும். 1981-இல் அனைத்துலக ரப்பர் ஆய்வு மேம்பாட்டு வாரியம் பிரேசிலின் மேற்குக் காடுகளுக்கு ஒரு குழுவை அனுப்பியது. விக்கமின் ஒரே குடும்பத்து மரங்களுக்குப் புது இரத்தம் சேர்ப்பதற்காக 60,000-க்கும் மேற்பட்ட விதைகளை அந்தக் குழு சேகரித்தது. இந்த முறை ஒளிவுமறைவு இல்லை. பிரேசில் அரசின் சம்மதத்தோடு நடந்தது, சேகரிப்பில் பாதி பிரேசிலிலேயே தங்கியது. மீதியில் பெரும்பங்கு மலேசியாவுக்கு வந்தது.

அதே 1981-இல், பிப்ரவரி மாதம், நம் குளுவாங்கின் செம்பனைத் தோட்டம் ஒன்றில் வேறொரு வெளிநாட்டு விருந்தாளி இறங்கியது. செம்பனையும் வந்தேறி மரம்தான். மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1848-இல் ஜாவாவின் போகோர் பூங்காவில் நான்கு கன்றாக வந்து, 1917-இல் சிலாங்கூரின் தெனமாரம் தோட்டத்தில் வணிகப் பயிரானது. மரத்தைக் கொண்டுவந்தவர்கள் அதன் மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் பூச்சியைக் கொண்டுவரவில்லை. காற்றே அந்த வேலையைச் செய்கிறது என்று புத்தகங்களும் சொல்லிக்கொண்டிருந்தன. அதனால் பல தோட்டங்களில் பெண்கள் மரம் மரமாகப் போய், முகப்பவுடர்போன்ற மாவில் மகரந்தத்தைக் கலந்து, பூவின்மேல் ஊதிக்கொண்டிருந்தார்கள். முட்கள் குத்திய கையோடு வீடு திரும்பிய அம்மாக்களை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட நிர்வாகி கேமரூனில் வேலை செய்தவர். அங்கே செம்பனைப் பூவில் சிறு வண்டுகள் மொய்ப்பதைப் பார்த்துவிட்டு, இங்கே ஏன் அவை இல்லை என்று கேட்டவர் அவர். ஆர். ஏ. சையத் என்ற பூச்சியியலாளர் 1970-களின் இறுதியில் கேமரூனுக்குப் போய் ஆராய்ந்து, வேலையைச் செய்வது காற்றைவிடப் பூச்சிதான் என்று நிறுவினார். அந்த வண்டு வேறு பயிர்களைத் தின்னுமா என்று ஒவ்வொன்றாகச் சோதித்து, தனிமைப்படுத்தி வைத்துப் பார்த்து, அதற்குப் பிறகுதான் குளுவாங்கில் திறந்துவிட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே அது தீபகற்பம் முழுக்கப் பரவியது. மகரந்தம் ஊதும் வேலை அடியோடு நின்றுபோனது. அம்மாக்களின் கை தப்பித்தது, அந்த வேலைக்குக் கிடைத்த சம்பளமும் நின்றது.

அடுத்தமுறை செம்பனைத் தோட்டப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிப்போனால், பூத்திருக்கும் ஆண் பூங்கொத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். சோம்பு வாசனை வரும். உற்றுப் பார்த்தால் அரிசியைவிடச் சின்னதாகக் கறுப்பு வண்டுகள் நூற்றுக்கணக்கில் ஊர்ந்துகொண்டிருக்கும். எங்கள் வகுப்பைக் கூட்டிப்போனபோது முதலில் எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். அப்புறம் ஒருத்தி, "டீச்சர், இதுங்களுக்கும் நம்மள மாதிரி தாத்தா ஊரு வேறயா?" என்று கேட்டாள்.